ஆண்டிப்பட்டி கேட்ட குரல்

குரல் இருப்பவனுக்குத்தான் கூட்டம்! தொண்டை இருப்பவனுக்குத்தான் தொண்டர்! இப்படி ஓர் எண்ணம் நாட்டிலே நெடுநாளாக நிலைத்து நிற்கிறது. ஒலிபெருக்கி முன் நின்று ஒருவன் முழங்கினால் அவனைத் தலைவன் என்கிறோம். அதே மனிதனின் தொண்டை ஒருநாள் கம்மிப்போனால், காற்று கலந்த கரகரப்பாக அவன் பேச்சு மாறிப்போனால், அவனைத் திண்ணையிலே உட்கார வைத்துவிடுகிறோம். இனி அவன் எதற்குப் பயன்படுவான் என்று நமக்குள் முணுமுணுக்கிறோம்.

மேடைப் பேச்சாளன் ஒருவனுக்கு மட்டுமா இந்தக் கதி? சந்தையிலே ஏலம் கூறுபவன், பேருந்துப் படியிலே நின்று ஊர்ப்பெயர் கூவுபவன், ஐம்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பிலே பாடம் நடத்துபவன், தறிச் சத்தத்தை மீறிப் பக்கத்துத் தறிக்காரனை அழைப்பவன்—இவர்கள் அனைவரும் கையை நம்பி வாழ்வதுபோலவே தொண்டையையும் நம்பி வாழ்கிறார்கள். கை ஒடிந்தால் கட்டுப் போட இடம் தெரியும். குரல் ஒடிந்தால்?

இந்தக் கேள்விக்கு ஒரு மனிதரின் வாழ்க்கை விடை சொல்கிறது. அந்த விடையிலே ஒரு பகுதியை எழுதியவர்கள் ஆண்டிப்பட்டி மக்கள். மதுரையிலிருந்து மேற்கே வரும் பாதை உசிலம்பட்டியைக் கடந்து, கணவாயிலே ஏறி இறங்கி, ஆண்டிப்பட்டியைத் தொட்டுத் தேனிக்குப் போகிறது. தேனிக்கு அப்பால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எனப் பச்சைப் பள்ளத்தாக்கு விரிகிறது. அந்தப் பள்ளத்தாக்கின் வாசற்படிபோல நிற்கிற ஊர் ஆண்டிப்பட்டி. அந்த மனிதர் எம்.ஜி.ஆர்.

அவரைப் பற்றி நமக்கு என்ன புதிதாகச் சொல்ல இருக்கிறது என்று தோழர்கள் கேட்கக்கூடும். படம் தெரியும், பாட்டுத் தெரியும், பதவி தெரியும். அவர் வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகளை உடைந்த குரலோடு வாழ்ந்தார் என்பதும் தெரியும். ஆனால் அதைப் பற்றி நாம் நின்று நினைத்ததில்லை. நாம் இன்று சொல்ல வந்தது அதைத்தான்.

1917 சனவரி 17ஆம் நாள், இலங்கையில் கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியிலே பிறந்தார். தந்தையை மிகச் சிறு வயதிலேயே இழந்தார். தாய் சத்தியபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்தார். வறுமை விரட்டியது, பள்ளி கைவிட்டது. அண்ணன் சக்கரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுவிலே சேர்ந்தார். அங்கே பிள்ளைகளுக்குச் சோறும் உண்டு, பயிற்சியும் உண்டு, பிரம்படியும் உண்டு.

அந்த நாடக உலகத்திலே பையன்களை நடுங்க வைத்த ஒரு சொல் இருந்தது. மகரக்கட்டு! பதின்மூன்று, பதினான்கு வயதிலே பையனின் குரல்வளை வளர்கிறது. உள்ளே இருக்கும் குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குயில்போலக் கூவிய குரல் ஒரே பருவத்திலே கரடுமுரடாகிவிடுகிறது. இயற்கைக்கு அது வளர்ச்சி. கம்பெனிக்கு அது நட்டம். நேற்றுவரை நாயகன் வேடம் கட்டிய பையன், மகரக்கட்டு உடைந்ததும் பின்வரிசைக்குப் போனான். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையிலே, கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே! குரலை வைத்தே மனிதனை எடைபோட்ட அந்த உலகத்திலேதான் எம்.ஜி.ஆர். வளர்ந்தார். குரல் போனால் வேடம் போகும் என்ற பாடம் அவருக்குப் பால பாடம்.

1936இல் ‘சதிலீலாவதி’ படத்திலே சிறு வேடம் கிடைத்தது. கதாநாயகன் ஆவதற்கோ 1947 வரை, ‘ராஜகுமாரி’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏன்? அது பாட்டுக் காலம்! தியாகராஜ பாகவதரும் சின்னப்பாவும் கோலோச்சிய காலம். சொந்தக் குரலிலே பாடத் தெரியாதவனுக்குக் கதாநாயகன் வேடம் எட்டாக்கனி. இரவல் குரலிலே பாட்டுப் பதிவு செய்யும் முறை வந்த பிறகுதான் பாடாத நடிகனுக்கும் பாதை திறந்தது. அதே காலத்திலே திராவிட இயக்கத்து எழுத்தாளர்களின் உரையாடல் திரைக்குள் புகுந்தது. பாட்டுக்கு இருந்த மதிப்பு பேச்சுக்கு வந்தது. ‘மந்திரிகுமாரி’, ‘மலைக்கள்ளன்’, ‘நாடோடி மன்னன்’ என்று படங்கள் வர வர, பாட்டு இரவலாயிற்று; பேச்சு அவருடைய சொத்தாயிற்று. 1953இல் கழகத்திலே சேர்ந்தார். திரையிலே பேசிய குரல் தெருமுனை மேடையிலும் பேசியது.

அந்தச் சொத்துதான் ஒரே மாலையிலே பறிபோனது.

1967 சனவரி 12. சென்னையை அடுத்த இராமாவரம் தோட்டம். நடிகவேள் எம்.ஆர்.ராதா வந்திருந்தார். துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆரின் இடது காதருகே பாய்ந்த குண்டு கழுத்துக்குள் சென்று தங்கியது. ராதாவின் உடலிலும் குண்டு பாய்ந்திருந்தது. இருவரும் பிழைத்தனர். வழக்கு நடந்தது, ராதா தண்டிக்கப்பட்டார். அந்த வழக்கின் கதையை அலசுவது இன்று நம் வேலையன்று. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்வோம்: சுட்டவரும் குரலாலே புகழ் பெற்றவர். கட்டைக் குரலையும் கீச்சுக் குரலையும் ஒரே வசனத்திலே மாற்றி மாற்றிப் பேசிக் கொட்டகையை அதிர வைத்தவர். குரலின் அருமை அறிந்த ஒருவரின் கையாலே இன்னொருவரின் குரல் சிதைந்தது!

கழுத்திலே பட்ட காயம் குரலை ஏன் கெடுக்கிறது? தொழிலாளத் தோழர்களுக்கு இது புரிய வேண்டும். ஏனெனில் இது நாளை நம் வீட்டிலும் நடக்கக்கூடியது. தொண்டையின் நடுவே, மூச்சுக் குழாயின் வாயிலிலே, இரண்டு சிறிய தசை மடிப்புகள் இருக்கின்றன. அவைதாம் குரல் நாண்கள். மூச்சு விடும்போது கதவுபோல விலகுகின்றன. பேசும்போது ஒன்றோடொன்று நெருங்கி, காற்று பட்டு அதிர்கின்றன. விழுங்கும்போது இறுக மூடிக்கொண்டு, சோறும் நீரும் நுரையீரலுக்குள் போகாமல் காக்கின்றன. இவற்றை இயக்கும் நரம்பு மண்டையோட்டின் அடியிலிருந்து புறப்பட்டுக் கழுத்து வழியே இறங்குகிறது. அதன் கிளை மார்புக்குள் போய் வளைந்து திரும்பிக் குரல்வளைக்கு ஏறுகிறது. இடப்பக்கக் கிளை இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியையே சுற்றிவிட்டு வருகிறது. அத்தனை நீண்ட பயணத்திலே எங்கே அடிபட்டாலும் நாண் அசையாமல் நின்றுவிடலாம். குண்டு வேண்டியதில்லை, கழுத்துக் கழலைக்குச் செய்யும் அறுவை, மார்பிலே ஒரு கட்டி, ஒரு நச்சுக்கிருமிக் காய்ச்சல்கூடப் போதும். ஒரு நாண் அசையாவிட்டால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். காற்று வீணாக ஒழுகும். குரல் மெலியும், நாலு வாக்கியம் பேசினால் மூச்சு வாங்கும், தண்ணீர் குடித்தால் புரையேறும்.

எம்.ஜி.ஆருக்குக் காது மந்தமாயிற்று, குரல் மாறிற்று, மாறியது மாறியதுதான், திரும்பவே இல்லை. சொற்கள் தடித்தன, குழைந்தன. தேர்தல் நேரம் அது. கழுத்திலே கட்டுடன் அவர் இருக்கும் படம் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது. மருத்துவமனையிலே படுத்தபடியே பரங்கிமலைத் தொகுதியிலே வென்றார். கழகம் ஆட்சிக்கு வந்தது. ஆனால் வெற்றி முழக்கம் அடங்கிய பிறகு, அந்த ஐம்பது வயது மனிதர் தம் தொண்டையோடு தனியே இருந்திருப்பாரே, அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள்! குரல் போனால் வேடம் போகும் என்ற பால பாடம் அப்போது செவியிலே ஒலிக்காமலா இருந்திருக்கும்?

இரண்டு வழிகள் இருந்தன. பாட்டுக்கு இரவல் குரல் இருப்பதுபோலப் பேச்சுக்கும் இரவல் குரல் வைக்கலாம். தொழில்நுட்பம் இருந்தது; பணம் இருந்தது; நல்ல குரல்காரர்களும் இருந்தார்கள். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அல்லது, உடைந்த குரலோடு மக்கள் முன் நிற்கலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார்.

1967 செப்டம்பரில் ‘காவல்காரன்’ வந்தது. சுடப்படுவதற்கு முன்பே தொடங்கிய படம் அது. பிறகு எடுத்த காட்சிகளிலே புதிய குரல் கேட்டது. அந்தக் காலத்திலே டூரிங் கொட்டகையின் மணல் தரையிலே உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்கு அது தெரியும். டி.எம்.சௌந்தரராசனின் கணீரென்ற குரலிலே பாட்டு முடியும். அடுத்த கணமே கதாநாயகன் வாய் திறந்து பேசுவார். காயம்பட்ட குரல் வெளியே வரும். மறைக்க முடியாத வேறுபாடு! பாட்டு இனிமையாக இருக்க இருக்க, பேச்சின் காயம் இன்னும் பெரிதாகத் தெரியும். மறைக்க நினைப்பவன் இதைத் தாங்கியிருக்க மாட்டான்.

கொட்டகை என்ன செய்தது? கூவவில்லை. எழுந்து போகவில்லை. காதைக் கூர்மையாக்கிக் கேட்டது. ‘குடியிருந்த கோயில்’, ‘ஒளிவிளக்கு’, ‘அடிமைப்பெண்’ என்று படம் படமாகக் கேட்டது. 1971ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான இந்திய அரசின் விருது ‘ரிக்சாக்காரன்’ படத்துக்காக அவருக்குக் கிடைத்ததே, அது எந்தக் குரலுக்கு? வெண்கலக் குரலுக்கா? இல்லை, உடைந்த குரலுக்கு! 1972இல் தனிக்கட்சி கண்டு ஊர் ஊராகச் சென்றதும், 1977இல் முதலமைச்சர் ஆனதும், 1982இல் சத்துணவுத் திட்டத்தை விரித்ததும் அந்தக் குரலை வைத்துக்கொண்டுதான். அவர் அரசியலை ஏற்பவர் ஏற்கட்டும், மறுப்பவர் மறுக்கட்டும். குரல் உடைந்ததால் ஆள் உடையவில்லை என்பதை மறுக்க எவராலும் முடியாது.

நம் இயக்கத்துக்கு இது புதிதும் அன்று. அறிஞர் அண்ணாவின் குரல் என்ன, குழல் ஓசையா? கரகரத்த குரல்தானே! அந்தக் கரகரப்பைக் கேட்கத்தானே நள்ளிரவு தாண்டியும் கூட்டம் காத்துக் கிடந்தது? சொல்லிலே பொருள் இருந்தால், கேட்பவனுக்கு மனம் இருந்தால், குரலின் குறை குறையாகத் தெரிவதில்லை.

பிறகு இரண்டாவது அடி விழுந்தது. 1984 அக்டோபர். சிறுநீரகம் செயலிழந்து சென்னை மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டார். அங்கேயே பக்கவாதம் தாக்கியது. நவம்பரிலே அமெரிக்காவுக்கு, நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். டிசம்பரிலே அண்ணன் மகள் கொடுத்த சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அதே டிசம்பரிலே தமிழ்நாட்டிலே தேர்தல்! மருத்துவமனையிலே இருந்தபடியே அவர் வேட்பாளர் ஆனார். தொகுதி, ஆண்டிப்பட்டி.

வேட்பாளர் தொகுதிக்கு வரவில்லை. கைகூப்பவில்லை. ஒரு சொல் பேசவில்லை. மருத்துவமனையிலே அவர் இருப்பதைக் காட்டும் வீடியோப் படம் ஊர் ஊராகக் காட்டப்பட்டது. எல்லாத் தேர்தலிலும் வேட்பாளனின் தொண்டையைக் கேட்டுக் கேட்டுப் பழகிய மக்கள், அன்று மௌனத்தைக் கேட்டார்கள். வைகை அணையோரத்து உழவர்களும், சக்கம்பட்டி நெசவாளர்களும் வாக்குச் சாவடிக்குப் போனார்கள். டிசம்பர் 24, வாக்குப்பதிவு. ஆண்டிப்பட்டி அவரைப் பெரும் வேறுபாட்டிலே வெற்றி பெறச் செய்தது. பேச முடியாத ஒருவரைத் தம் சார்பிலே சட்டமன்றத்திலே பேச அனுப்பியது!

அனுதாப அலை என்றனர் சிலர். இருக்கலாம். இந்திரா காந்தி கொலையுண்ட துயரமும் அந்தத் தேர்தலிலே கலந்திருந்தது உண்மை. அந்தத் தீர்ப்பு நாட்டுக்கு நன்மையா என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் குரலில்லாதவனைக் கழித்துக் கட்டும் பழக்கத்துக்கு ஒரு தொகுதியே சேர்ந்து எதிர்வாக்கு அளித்தது என்பதை நாம் மறக்கலாகாது.

1985 பிப்ரவரியிலே திரும்பி வந்து மீண்டும் பொறுப்பேற்றார். அடுத்த மூன்று ஆண்டுகள்? மறைக்காமல் சொல்வோம், அவை கடினமான ஆண்டுகள். குண்டடி பட்டபோது ஒலி கெட்டது. பக்கவாதத்திலோ சொல்லே கெட்டது. இந்த இரண்டும் வெவ்வேறு. நாண் முடங்கினால் காற்று ஒலியாவதில்லை. ஆனால் நினைத்த சொல் நினைவிலே இருக்கும். மூளையிலே இரத்த ஓட்டம் தடைப்பட்டால் நாக்கும் உதடும் சொன்னபடி கேட்பதில்லை. சிலருக்குச் சொல்லே கைக்கு அகப்படாமல் நழுவிவிடும். உள்ளே அறிவு விழித்திருக்கும், வெளியே வாய் தடுமாறும். இதைவிடக் கொடிய சிறை வேறில்லை.

அந்த நிலையிலே ஒரு முதலமைச்சர் இருந்தபோது என்ன நேர்ந்தது? அவர் என்ன சொன்னார் என்று சொல்லப் பலர் முன்வந்தனர். சுற்றி நின்றவர்களிடையே போட்டி மூண்டது. மக்களுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டிய ஆட்சியின் குரல் தெளிவாகக் கேட்கவில்லை என்ற குறை எழுந்தது. அந்தக் குறையிலே நியாயமும் இருந்தது. மேடைகளிலே பலகுரல் கலைஞர்கள் அவர் தடுமாற்றத்தைப் பேசிக் காட்டிக் கைத்தட்டல் வாங்கினார்கள், இன்றும் வாங்குகிறார்கள். ஆட்சியைக் குறை கூறுவது வேறு; நாக்குத் தடுமாறுவதைக் கேலி செய்வது வேறு. முன்னது அரசியல். பின்னது அற்பம்!

1987 டிசம்பர் 24ஆம் நாள் அவர் மறைந்தார். ஆண்டிப்பட்டி வாக்களித்த நாளுக்குச் சரியாக மூன்றாண்டு.

மறைவதற்கு முன் எழுதிய உயிலிலே ஒரு செய்தி இருந்தது. குண்டு பாய்ந்த அதே இராமாவரம் தோட்டம், வாய் பேச இயலாத, காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கு உரியது என்று எழுதியிருந்தார். இன்று அங்கே அந்தப் பிள்ளைகள் படிக்கிறார்கள். கோடிக்கணக்கானவர் கேட்ட குரலுக்குச் சொந்தக்காரர், கேட்கவே படாத குரல்களுக்குத் தம் வீட்டை எழுதிவைத்தார். காதும் குரலும் கெட்ட அந்த வீட்டிலேயே!

தோழர்களே! தலைவருக்கு நேர்ந்ததைப் பேசிவிட்டுக் கலைந்துபோவது நம் வழக்கம் அன்று. பள்ளத்தாக்கிலே இன்றைக்கு இதனால் அல்லற்படும் உழைப்பாளிக்கு என்ன வழி?

முதலாவது, குரல் கம்மினால் தேனும் மிளகும் போதும் என்று மாதக்கணக்கிலே இருந்துவிடாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பீடியும் புகையிலையும் பழகியவர் ஒருநாளும் தள்ளிப்போடக்கூடாது; தொண்டைப் புற்றுநோயின் முதல் அறிவிப்பு பெரும்பாலும் குரல் கம்முவதுதான். மூச்சு விடும்போது சீழ்க்கைபோல் ஒலி எழுந்து திணறினால் வாரக் கணக்கு வேண்டாம், இரு நாண்களும் முடங்கியிருக்கலாம், உடனே ஓடுங்கள். ஓட வெகு தூரமில்லை. எந்த ஆண்டிப்பட்டி குரலிழந்தவரை வெற்றிபெறச் செய்ததோ, அதன் எல்லையிலேயே, க.விலக்கிலே, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நிற்கிறது.

இரண்டாவது, இன்று வழிகள் உண்டு. முடங்கிய நாண் சிலருக்கு மாதங்கள் கடந்து தானாகவே அசையத் தொடங்கும். அசையாவிட்டால் ஊசி மருந்தால் அதைப் பருக்கச் செய்து நடுவே கொண்டு வருகிறார்கள். கழுத்திலே சிறு அறுவை செய்து, உள்ளே ஒரு துண்டு வைத்து, நாணை நகர்த்தி நிறுத்துகிறார்கள். குரல் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் கற்றுக் கொடுக்கிறார்கள். போன குரல் முழுவதும் வராமல் போகலாம். வாழ்வதற்குப் போதுமான குரல் வரும்.

மூன்றாவது, இது தயவு அன்று, உரிமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. குரல்வளையை அகற்றியதாலோ, மூளை நரம்பின் பாதிப்பாலோ நிலையாகப் பேச்சிழந்தவரும் அந்தப் பட்டியலிலே இருக்கிறார். சான்று கேளுங்கள், சலுகை கேளுங்கள்.

நான்காவது, இது மற்றவர்களாகிய நமக்கு. குரல் கெட்டவர் பேசும்போது அவர் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கி நாமே முடித்து வைக்காதிருப்போம். அவர் பக்கத்திலே நிற்கும் மகனைப் பார்த்து, அப்பாவுக்கு என்ன வேண்டுமாம் என்று கேட்காதிருப்போம். வானொலியை நிறுத்துவோம். தேநீர்க் கடையின் இரைச்சலை விட்டு ஓரமாக அழைத்துப் போவோம். முகத்தைப் பார்ப்போம். பொறுப்போம். ஒருவர் பெயராலே இன்னொருவர் பேசத் தொடங்கினால் என்னவாகும் என்பதை ஒரு மாநிலமே மூன்றாண்டு கண்டது. ஒரு குடும்பம் காண வேண்டாம்.

கிளைக் கழகத்திலே பழைய பேச்சாளர் ஒருவர் இருப்பார். முன்பு ஊரே நடுங்க முழங்கியவர். இன்று தொண்டை போய்ப் பின்வரிசையிலே குந்தியிருப்பவர். அடுத்த கூட்டத்திலே அவரை முன்னே அழையுங்கள். ஒலிபெருக்கியை அவர் வாயருகே கொண்டு போங்கள். ஐந்து நிமிடம் கொடுங்கள். அவர் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும்.

முழங்குவது பேசுபவன் கடமை என்றுதான் இதுவரை படித்திருக்கிறோம். உற்றுக் கேட்பது கூட்டத்தின் கடமை. அதை ஆண்டிப்பட்டி 1984இலேயே செய்து காட்டிவிட்டது!